உள்ளே விட்ட துணி

மாண்ட்ரியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் மேல்கோட் வாங்கப் போன கடையில், விற்பனைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் பத்தா, பன்னிரண்டா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பி.எஸ்ஸி. படித்தவள். இருந்தும் நான் எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தேன். அவர் எஞ்சினியர்; பாலங்களின் அளவெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். அவரும் உதட்டைப் பிதுக்கினார். இந்த ஊரில் ஒவ்வொரு பெண்ணும் தன் உடுப்பு அளவின் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு நடமாடுகிறாள் என்பது எனக்குப் பனியைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

நம் ஊரில் நம் அளவு நம்மிடம் இருப்பதில்லை. அது அளவு ரவிக்கையில் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் டெய்லர் கோவிந்தன் பத்து வருஷம் எனக்கு ரவிக்கை தைத்தார். ஒரு நாள்கூட இஞ்ச் டேப்பை என் மேல் வைத்ததில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத் துணியோடு சுருட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது. பக்கத் தையலில், உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டுத் தைப்பார். கல்யாணம், பிள்ளைப்பேறு, தீபாவளிப் பலகாரம் என்று உடம்பு எப்படிப் போனாலும் பிரித்து விட்டுக்கொள்ளலாம். டெய்லருக்கும் நமக்கும் நடுவே கூச்சமான பேச்சே கிடையாது.

இப்படி வளர்ந்த நான்தான் ஆடை வடிவமைப்பும் விற்பனையும் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பஸ்களை எண்ணி எண்ணி எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. செய்தி ஊருக்கு எட்டியதும் மாமனாரிடமிருந்து ஏர்மெயில் வந்தது. டிகிரி படித்த மருமகள் தையல் கற்றுக்கொள்ளவா கடல் தாண்டினாள் என்று கேட்டிருந்தார். இது தையல் இல்லை, டிப்ளமா என்று நான் வீறாப்பாகப் பதில் எழுதினேன். நகரத்தின் பெரிய கடை ஒன்றின் கொள்முதல் பிரிவில், டிப்ளமா கையில் கிடைத்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையைவிட அந்த ஏர்மெயில்தான் என்னை விரட்டியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தேறாவிட்டால் மாம்பலம் முழுக்கச் சிரிக்கும்.

வகுப்பில் பதினெட்டு வயதுப் பெண்கள் இருபது பேர். எல்லோரும் பெல்பாட்டம், முதுகு வரை விரித்த தலைமுடி. அவர்களோடு ஒட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, புடவைக்கு மேல் மேல்கோட் போட்ட நான். இன்னொருவர் ரேமோன். நாற்பத்தாறு வயது, பனி வாரும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கத்து ஊரான லவாலில் மாமியார் விட்டுப்போன துணிக்கடை தலையில் விழுந்ததால் படிக்க வந்தவர். இறுதித் தேர்வுக்கு ஆளுக்கொரு கூட்டாளிக்கு வெயிஸ்ட்கோட் தைக்க வேண்டும், அதைக் கூட்டாளி போட்டுக்கொண்டு தேர்வாளர் முன் நிற்க வேண்டும் என்று ஆசிரியை மதாம் ஜெர்வே அறிவித்தார். பெண்கள் நிமிஷத்தில் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். மிச்சம் நின்றவர்கள் நானும் ரேமோனும்.

அவர் எனக்குத் தைக்க வேண்டிய அளவை வகுப்புப் பெண் ஒருத்தி எடுத்துக் கொடுத்துவிட்டாள். என் முறை வந்தபோது ரேமோன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அளவு கொடுக்கத் தயாராக நின்றார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மார்பைச் சுற்றி டேப்பை ஓட்ட வேண்டுமானால் அவரைக் கட்டிப்பிடித்தாக வேண்டும். அதற்கு என் கை நீளமும் போதாது, தைரியமும் போதாது.

"ரேமோன், உங்களுக்கு மிக நன்றாகப் பொருந்திய ஒரு வெயிஸ்ட்கோட்டை நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்றேன்.

"நானே இங்கே இருக்கிறேனே, மதாம்?"

"நீங்கள் வேண்டாம். வெயிஸ்ட்கோட் போதும்."

அவர் கைகளை மெதுவாகக் கீழே இறக்கினார். மனம் கொஞ்சம் நொந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் மறுநாள் பழுப்புக் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றி ஒரு நீல வெயிஸ்ட்கோட் கொண்டுவந்தார். நான் கோவிந்தனை மனதில் நினைத்துக்கொண்டு அதை மேஜையில் விரித்து, ஒரு நூல் பிசகாமல் அளந்தேன். போட்டுப் பார்க்கும் நாளில் ரேமோன் வரவில்லை. அவர் கடையில் தள்ளுபடி விற்பனை. வகுப்பிலிருந்த பொம்மைக்கு அதே அளவில் பஞ்சு வைத்துக் கட்டி, அதற்குப் போட்டுப் பார்த்தேன். பொம்மைக்குக் கச்சிதமாக இருந்தது.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு மதாம் ஜெர்வே எல்லோருடைய வேலையையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். என்னுடையதைத் திருப்பியவர் அப்படியே நின்றார்.

"இது என்ன?"

"துணி, மதாம்."

"துணி என்று தெரிகிறது. இவ்வளவு எதற்கு?"

"பிற்பாடு தேவைப்படும்."

"எந்தப் பிற்பாடு?"

"அவர் பருத்தால் பிரித்து விடலாம்."

வகுப்பு மொத்தமும் ரேமோனைத் திரும்பிப் பார்த்தது. அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இதற்கு மேலுமா?" என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை. ஒரு தொழிற்சாலையில் ஐந்நூறு வெயிஸ்ட்கோட்டுக்குள்ளும் இப்படித் துணியை ஒளித்து வைத்தால் முதலாளி தெருவுக்கு வந்துவிடுவார் என்றார். மிச்சத்தை வெட்டிவிடச் சொன்னார். மறுநாள் அவர் கேட்டபோது வெட்டிவிட்டேன் என்றேன். அது பொய். நல்ல கம்பளித் துணி. கத்திரியை எடுத்தேன், கை வரவில்லை. உள்ளே மடித்து, மேலே நாடா வைத்து மறைத்துத் தைத்துவிட்டேன்.

தேர்வு நாளில் ரேமோன் என் வெயிஸ்ட்கோட்டைப் போட்டார். பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

"ரேமோன், அந்த நீல வெயிஸ்ட்கோட் எப்போது தைத்தது?"

"என் கல்யாணத்துக்கு. பத்தொன்பது வருஷம் ஆகிறது."

"ஏன் அதைக் கொண்டுவந்தீர்கள்?"

"மிக நன்றாகப் பொருந்தியதைக் கேட்டீர்களே, மதாம். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக எனக்கு எதுவும் பொருந்தியதில்லை."

அந்த மனிதர் மேல் கோபப்பட முடியவில்லை. கேட்டதற்கு உண்மையைத்தான் கொடுத்திருக்கிறார். வெயிஸ்ட்கோட்டைக் கழற்ற வைத்து, பிளேடை எடுத்து நாடாவைப் பிரித்தேன், பிறகு பக்கத் தையல்களை, பிறகு முதுகுத் தையலை. அந்த நேரம் பார்த்து மதாம் ஜெர்வே வந்து நின்றார். வெட்டப்பட்டிருக்க வேண்டிய துணி முழுதாக மேஜை மேல் விரிந்து கிடந்தது.

"வெட்டிவிட்டதாகச் சொன்னீர்கள்."

"மனசு வரவில்லை, மதாம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று தையல் மிஷினை நான் ஓட்டிய ஓட்டத்தைக் கோவிந்தன் பார்த்திருந்தால் என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருப்பார். இருந்த துணி எல்லாவற்றையும் விட்டு, தேய்த்து, ரேமோனுக்கு மாட்டினேன். பொத்தான் மூடியது. பழைய தையல் ஓடிய தடம் மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. தேர்வாளர் அதைச் சுட்டிக்காட்டியபோது, "அது டிசைன்" என்றார் ரேமோன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

"நீங்கள் தோற்க இரண்டு காரணம் இருக்கிறது" என்றார் மதாம் ஜெர்வே என்னிடம். "ஆளை அளக்கவில்லை. என்னிடம் பொய் சொன்னீர்கள். தேற ஒரே காரணம், பொத்தான் மூடுகிறது." கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி என்னிடம் நீட்டினார். "அளந்து காட்டுங்கள். இப்போது, இங்கேயே. பிறகு முடிவு சொல்கிறேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ரேமோனைச் சுற்றி டேப்பை ஓட்டினேன். அவர் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றைக் காணாமல் செய்தார். அந்த அளவை எழுதினால் மறுபடியும் கல்யாண வெயிஸ்ட்கோட்தான் வரும்.

"மூச்சை விடுங்கள், ரேமோன்."

"முடியாது. எல்லோரும் பார்க்கிறார்கள்."

"விடுங்கள்!" என்று அதட்டினேன். என் கணவரைக்கூட நான் அப்படி அதட்டியதில்லை. விட்டார். "நாற்பத்துநான்கு!" என்று உரக்கச் சொன்னேன். பெண்கள் கைதட்டினார்கள். மதாம் ஜெர்வே முதல் முறையாகச் சிரித்தார். துணியை வீணாக்கியதற்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுத்தான் தேற வைத்தார். அன்று மாலையே மாமனாருக்கு ஏர்மெயில் எழுதினேன். டேப் விஷயத்தை மட்டும் எழுதவில்லை.

வேலைக்குப் போனபின் மதாம் சொன்னதன் நியாயம் எனக்குப் புரிந்தது. இங்கே உடம்பு மாறினால் வேறு எண்ணுக்குப் போய்விடுகிறார்கள்; பழைய உடுப்புக்காக யாரும் காத்திருப்பதில்லை. நானும் மெல்ல அப்படி ஆனேன். என் ரவிக்கைகளை நானே அளவெடுத்து, உள்ளே துணி விடாமல் தைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் நான் பன்னிரண்டு என்று சொல்லப் பழகினேன். பிறகு பதினான்கு என்று. ரேமோன் மட்டும் எப்போதாவது அந்த வெயிஸ்ட்கோட்டோடு வந்து, "இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மதாம்?" என்று கேட்பார்.

ஐந்து வருஷம் கழித்து விடுமுறைக்கு மெட்ராஸ் போனபோது புதுத் துணிகளோடு கோவிந்தன் கடைக்குப் போனேன். கணவரும் கூட வந்தார்.

"அளவு ரவிக்கை கொண்டாந்தீங்களாம்மா?"

"அது எதுக்கு டெய்லர், அளவே சொல்றேன், எழுதிக்குங்க" என்று மார்பு, இடுப்பு, தோள் என்று கடகடவென அங்குலம் சொன்னேன். கோவிந்தனின் கத்திரி பாதியில் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் சுவரிலிருந்த காலண்டரை ஆழ்ந்து படிக்கத் தொடங்கினார்.

"மெதுவா சொல்லுங்கம்மா" என்றார் கோவிந்தன், தலையைக் குனிந்துகொண்டு. "அதெல்லாம் வேணாம். ஒரு ரவிக்கைய குடுத்தனுப்புங்க, போதும்."

மறுநாள் நான் மாண்ட்ரியலில் தைத்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை உள்பக்கம் திருப்பியவர், மதாம் ஜெர்வே நின்றது போலவே நின்றார்.

"யாரும்மா இத தச்சது?"

"அங்க ஒருத்தி."

"சரியான கஞ்சம்மா அவ! உள்ள துணியே விடல. நாளைக்கு ஒரு சுத்து பெருத்தா என்ன பண்ணுவீங்க?"

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆறு ரவிக்கைகளை மடித்துக் கொடுத்தார். "உள்ள தாராளமா விட்டிருக்கேம்மா. அடுத்த வாட்டி எப்ப வருவீங்களோ, எப்படி வருவீங்களோ" என்றார். நான் கொடுத்த அளவு ரவிக்கையைத் திருப்பித் தரவில்லை. "இது இங்கயே இருக்கட்டும். துணிய மட்டும் யார்கிட்டயாவது குடுத்தனுப்புனா தச்சு வைக்கிறேன்" என்று, ஒரு துண்டுக் காகிதத்தில் 'கனடா அம்மா' என்று எழுதிக் குத்தி, சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொத்தான் டப்பாவைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மாண்ட்ரியல் திரும்பியதும் அந்த ரவிக்கைகளை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கொள்முதல் பிரிவின் கண்ணுக்கு அத்தனையும் வீண் துணி. கத்திரியை எடுத்தேன்; மறுபடியும் கை வரவில்லை. நான் இங்கே தைத்தது மாம்பலத்தில் ஆணியில் தொங்குகிறது, கோவிந்தன் அங்கே தைத்தது இங்கே என் உடம்பில் இருக்கிறது. இதற்குள் பக்கத் தையலை ஒரு முறை பிரித்தாயிற்று. ஊருக்குப் போவதாகச் சொன்ன விடுமுறை ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, உள்ளே இன்னும் எத்தனை விரல் மிச்சம் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் மேல்கோட்டை மாட்டுகிறேன்.