சிதம்பரத்துத் தண்ணீர்

1991-ம் வருஷக் கோடை. ஒரகடம் பக்கம் அப்போது வயலும் ஏரியும்தான். எங்கள் ஊர் அங்கேதான், வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். நான் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு உதவியாளனாக இருந்தேன்.

அலையாத்திக் காட்டுத் தண்ணீர் கரியமில வாயுவைக் காற்றில் எவ்வளவு விடுகிறது, காற்றிலிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. படகில் போய், குமிழி இல்லாமல் கண்ணாடிப் பாட்டில்களில் தண்ணீர் பிடிப்பேன். அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருந்தால் வாயுவின் அளவு மாறிவிடும். அவற்றைக் கொல்லப் பாதரச விஷம் கொஞ்சம் விட்டு இறுக மூடுவோம். "இன்னாடா, தண்ணிய புடிச்சி மூடி வெக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று அப்பா கேலி செய்வார்.

பாட்டில் பெட்டியோடு சென்னை லேபுக்குக் கிளம்பிய அன்றுதான், அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று தந்தி வந்தது. பெட்டியோடு நேராக வீட்டுக்கே போனேன். போய்ச் சேரும்போது மத்தியானம் கழிந்துவிட்டது. கூடம் நிறைய சொந்தக்காரர்கள். அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டியை மூலையில் வைத்து, யாரும் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் கால் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் அம்மாவின் கையில் திறந்த பாட்டில். சிதம்பரத்திலிருந்து பிள்ளை பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறான், தொடக்கூடாது என்கிறான், தீர்த்தமில்லாமல் வேறென்ன என்று நினைத்துவிட்டாள் பாவம். ஸ்பூன் அப்பாவின் உதட்டருகே போய்விட்டது. சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. பாய்ந்து தட்டிவிட்டேன். பாட்டில் தரையில் விழுந்து உடைந்தது.

"பெத்தவனுக்கு ஊத்தற கடைசி தண்ணிய தட்டிவுடறியேடா" என்று சித்தப்பா என்னைப் பிடித்துத் தள்ளினார். அது விஷம் என்று நான் கத்தி, அவர்களுக்குப் புரிந்து, யாரோ ஓடிப்போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வருவதற்குள் அப்பா போய்விட்டார். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். எங்கள் பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீரில் இருக்கும் விஷம் உங்கள் அப்பாவை ஒன்றும் செய்திருக்காது என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவிடம் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அவள் கோபப்பட்டதே இல்லை. ஒரே ஒரு முறை, கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "போற உசுர வெசம் இன்னாடா பண்ணப் போவுது? நாக்காவது நனைஞ்சிருக்கும்."

மறுபடி அந்த நொடி வந்தாலும் தட்டிவிடத்தான் செய்வேன், வேறு எப்படி முடியும்? ஆனாலும் அப்பாவைக் காப்பாற்றினேன் என்று ஒருநாளும் நினைக்க முடிந்ததில்லை. தாகத்தோடு அனுப்பிவைத்தேன் என்றுதான் மனசு இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.