கயிறு அவிழ்த்த பிறகும்

குழந்தை நாலடி தள்ளிப் போய் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பதே, திரும்பி வர ஒரு மடி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் என்று கல்லூரியில் மேடம் சொன்னார். அப்படித் தொட்டுத் தொட்டுத்தான் அறிவு வளருமாம். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்து மணலும் தங்கையின் இடுப்பில் கட்டிய வலைக்கயிறும் கண்முன் வந்து நின்றன.

அவளுக்கு ஒரு வயதானபோது, கடலையொட்டிய எங்கள் ஏரியில் இறால் இல்லை. அம்மா நெல்லூர்ப் பக்கம் இறால் உரிக்கும் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். நைனா கடலில். கருவாடு காயவைக்கப் போகும்முன் அத்தை, தங்கையின் இடுப்பில் துணி சுற்றிக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரையேற்றிய ஃபைபர் படகில் முடிந்துவிடுவாள். குழந்தை தண்ணீருக்குப் போய்விடக் கூடாதே.

முதலில் தொண்டை கட்டும்வரை அழுதாள். பிறகு அழுவதையே விட்டுவிட்டாள்.

"பழகிக்கிச்சி. ஒரு தொல்ல கெடயாது, தங்கமான புள்ள" என்று அத்தை குப்பமெல்லாம் சொன்னாள். எனக்கும் பெருமைதான்.

பொங்கலுக்கு அம்மா வந்தாள். சற்றுத் தள்ளி மணலில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். "இன்னாடி, என்கிட்ட வரமாட்டியா?"

அத்தை கயிற்றை அவிழ்த்துவிட்டாள். தங்கை தத்தித் தத்தி வந்தாள். கயிறு எட்டும் தூரம் வந்ததும் நின்றுவிட்டாள். பிறகு திரும்பிப் போய்ப் படகடியில் உட்கார்ந்து, கிடந்த கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "அளவு தெரிஞ்ச புள்ளபா. டீச்சராத்தான் வரும்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் நீட்டிய கையை வெகுநேரம் மடக்கவில்லை.

இப்போது தங்கை ஆறாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும். ஒரு வரி முடிந்தால் நின்றுவிடுவாள். அடுத்த வரிக்கு யாராவது விரலைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. பள்ளியிலும் அவளுக்கு நல்ல பெயர்தான், தொல்லையில்லாத பெண்.

வகுப்பு முடிந்ததும் ஓடிப்போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். "அதனாலதான் இப்டியா மேடம்? இனிமே சரியாவுமா?"

"அது ஒண்ணாலதான்னு சொல்ல முடியாதும்மா" என்றார். "சரியாயிடும்னும் என்னால சொல்ல முடியல."

ஊர் திரும்பும் பஸ் திருப்பாலைவனம் தாண்டியும் அதுதான் காதில். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் அவள் அழுகையை நிறுத்தினாள். அதைத்தான் நாங்கள் சமத்து என்று கொண்டாடினோம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

நாளை லீவு. புத்தகத்தைத் தொடப்போவதில்லை. கரையில் அவள் பக்கத்தில் உட்காரப்போகிறேன், அவளாக ஏதாவது கேட்கிறவரை. கேட்காவிட்டால் மறுநாளும்.