அக்காவுக்காக அணிந்த முகக்கவசம்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும், அவருடைய தம்பி எழுதுவது.

அக்கா பிறந்தது நாசரேத்தில். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலை கிடைத்ததால் குவார்ட்டர்ஸில் வளர்ந்தார். பக்கத்து முத்தாபுதுப்பேட்டைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆனார். ஒரு நாள் வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கரும்பலகையின் பாதி தெரியவில்லை. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றார்கள். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே நரம்பைத் தாக்கும் வியாதி. அந்தச் சக்தியை அடக்க ஊசி போட்டால் மற்ற கிருமிகளுக்குக் கதவு திறந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அக்காவின் காலம் ஓடியது. சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தப்பாகப் போட்ட பிள்ளையை லேசில் விடமாட்டார்.

ஊரெல்லாம் கொரோனாவை மறந்த பிறகும் அக்காவின் கணவர், அப்பா இருந்த அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் மாமா, முகக்கவசத்தை விடவில்லை. வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கேன்டீனில் தனியாகச் சாப்பிடுவார். "இன்னா அண்ணாத்தே, இன்னும் கொரோனாவுலயே கீறியா?" என்று உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஓயாமல் கேலி செய்வார்.

சென்ற கோடையில் அந்த நண்பர் பணி ஓய்வு பெற்றார். ஓய்வு பெறுபவருக்கு மாலை போட்டு, கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் வீடுவரை கொண்டுபோய் விட்டு, பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவது தொழிற்சாலை வழக்கம். போட்டோ எடுக்கும்போது, "இன்னிக்காவது மூஞ்சக் காட்டு அண்ணாத்தே" என்று அவர் கெஞ்ச, மாமா முகக்கவசத்தைக் கழற்றினார்.

சில நாளில் மாமாவுக்கு லேசான சளி. அக்காவுக்குக் கால் துவண்டது, கண் மங்கியது. வெயில் ஏறினால் அவருக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும். அதனால் வழக்கம்போல ஈரத்துண்டைப் போர்த்தி, மின்விசிறியைப் பக்கத்தில் வைத்தோம். உள்ளே ஏறிய காய்ச்சல் அந்த ஈரத்துண்டுக்கு அடியில் எங்கள் கைக்குத் தெரியாமல் போனது. மூச்சு வாங்கிய பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். மற்றவர்களுக்குச் சளியாக வந்து போகும் கொரோனா அக்காவின் நுரையீரலைப் பிடித்துக்கொண்டது.

"நான்தான் கொண்டாந்துட்டேன்" என்று மாமா கட்டிலருகே தலையில் அடித்துக்கொண்டார்.

அக்காவால் தொடர்ந்து பேச முடியவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சாப்பாடு, மாத்திரை, குளிக்கத் தண்ணி... இத்தன வருசமா எல்லாத்தையும் நீங்கதாங்க கொண்டாந்தீங்க. அதெல்லாம் விட்டுட்டு இத மட்டும் எழுதுறீங்களே. தப்புக் கணக்குங்க."

பிறகு அந்தப் போட்டோவைக் காட்டச் சொன்னார். மாமா தயங்கித் தயங்கி போனை நீட்டினார்.

"நல்லா சிரிச்சிருக்கீங்க" என்றார் அக்கா.

அடுத்த சில நாட்களில் எங்களை விட்டுப் போய்விட்டார். அவர் இல்லாத வீடு எங்களுக்கு இன்னும் பழகவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், வாசலில் நின்று ஜெபித்த சபையாருக்கும், அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஓய்வு பெற்ற நண்பரே, உங்களுக்கும் நன்றி. அடக்க ஆராதனை அன்று நீங்கள் வாசல் கேட்டோடு நின்று திரும்பிப் போனதை மாமா பார்த்தார். உங்கள் வீட்டில் எடுத்த படத்தைத்தான் இந்த நினைவு மலரின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். அது அக்காவுக்குப் பிடித்த படம். இன்று உள்ளே வாருங்கள். பந்தியில் மாமா உங்களுக்குப் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருக்கிறார்.