முயல் வேட்டைக்கு வந்த விருந்தாளி

எழுபதுகளின் தொடக்கம். மேற்கு ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில், நூற்பு இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். படிப்பு எட்டாம் வகுப்புதான். ஊரில் நான் வேலை பார்த்த மில்லின் முதலாளிதான் பயிற்சிக்கென்று என்னை அங்கே அனுப்பினார். பயிற்சி முடிந்ததும் ஜெர்மன் கம்பெனியே என்னைக் கேட்டது. அவரும் தாராளமாக விட்டுக்கொடுத்தார். அதனால் எங்கள் வீட்டில் முருகனுக்கு அடுத்தபடி அவர் பெயரைத்தான் சொல்வோம்.

மனைவியும் சின்ன மகளும் உடுமலைப்பேட்டைப் பக்கம் இருந்தார்கள். அவர்களை அழைத்துக்கொள்ள, எனக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு உண்டு என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். பார்க்கலாம், பார்க்கலாம் என்று மேலாளர் இழுத்துக்கொண்டே போனார். நான் தொழிலாளர் விடுதியில் ஒரு துருக்கிக்காரரோடு ஒரே அறையில் இருந்தேன். அவர் ஒரு மூலையில் தொழுவார், நான் இன்னொரு மூலையில் விபூதி பூசிக்கொண்டு கும்பிடுவேன். என்னை 'ஆபி' என்று கூப்பிடுவார். அவர்கள் பாஷையில் அண்ணன் என்று பொருளாம்.

அந்தக் குளிர்காலத்தில் மில் முதலாளி புதிய இயந்திரங்கள் வாங்க வந்தார். வந்த அன்றே மேலாளரிடம் வேட்டைப் பேச்சு. ஆனைமலைக் காட்டில் தோளில் துப்பாக்கியோடு திரிந்தவர் அவர். நம் நாட்டில் அப்போதுதான் வேட்டைக்குத் தடை வந்திருந்தது. மேலாளரோ ஊருக்கு வெளியே வயல்வெளி ஒன்றை வேட்டைக்கென்றே குத்தகைக்கு எடுத்திருந்தவர். சனிக்கிழமை முயல் வேட்டை, நீங்கள் எங்கள் விருந்தாளி என்றார். என்னைப் பார்த்து, "வேட்டைக்கான அனுமதிச் சீட்டு, காப்பீடு எல்லாம் நீ பார்த்துக்கொள். இது நல்லபடி முடியட்டும், உன் வீட்டு விஷயத்தை முடித்துவிடலாம்" என்றார்.

முட்டைகூடத் தொடாதவன் நான். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவன். ஆனாலும் மகள் முகம் கண் முன்னால் வந்து நின்றது. முருகா, பாவம் என்னைச் சேராமல் பார்த்துக்கொள் என்று கிளம்பிவிட்டேன்.

அந்த நாட்டில் வேட்டையாடுவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலாளியின் ஊர்த் துப்பாக்கி உரிமத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்து முத்திரை வாங்க வேண்டும். வேட்டையில் யாருக்காவது காயம் பட்டால் ஈடு கட்டும் காப்பீடு எடுக்க வேண்டும். அந்தக் காப்பீட்டைக் காட்டினால்தான் சர்க்கார் அலுவலகத்தில் வெளிநாட்டுக்காரருக்குச் சில நாள் வேட்டைச் சீட்டு தருவார்கள். காப்பீடு என்றதும் முதலாளிக்குக் கோபம்.

"ஏப்பா, என்ற குறி தப்பும்னு நினைக்கிறானுகளா? சிறுத்தையச் சுட்டவன்கிட்ட முயலுக்கு இன்சூரன்ஸா?"

"இல்லீங்க, அது இல்லாட்டி சீட்டுக் குடுக்க மாட்டாங்க."

"சரி, நீயே போயி எடுத்துட்டு வா. கையெழுத்துப் போட்டுத் தொலைக்கிறேன்."

காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். முதலாளி இதுவரை எதையெல்லாம் வேட்டையாடினார் என்று கேட்டார். சிறுத்தை, காட்டுப்பன்றி என்றேன். "எங்கள் முயல்கள் அத்தனை ஆபத்தானவை அல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வேட்டையில் முயலைக் கலைத்துவிட ஆட்கள் வேண்டும். எங்கள் விடுதியிலிருந்து சிலர் சனிக்கிழமைகளில் அந்த வேலைக்குப் போவார்கள். என் அறைத்தோழரும் போவார். "ஆபி, கறி தின்னாத நீயே துப்பாக்கிக்குச் சீட்டு வாங்குறே. உலகம் அழியப் போகுது" என்று கேலி செய்தபடிதான் அன்று காலை என்னோடு நடந்து வந்தார். மத்தியானம் அங்கே கொடுக்கும் பட்டாணி சூப்பில் பன்றிக்கறி கிடக்கும், அவருக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது என்று இரண்டு பேருக்குமாக ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் கட்டி எடுத்து வந்திருந்தார்.

வேட்டை முறை இதுதான். துப்பாக்கிக்காரர்களும் கலைப்பவர்களும் மாறி மாறி நின்று பெரிய வட்டம் போடுவார்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். இரண்டாவது முறை கொம்பு ஊதியதும் கலைப்பவர்கள் மட்டும் உள்ளே போவார்கள். அதற்குப் பிறகு வட்டத்துக்குள் சுடவே கூடாது. துப்பாக்கிக்காரர்கள் திரும்பி நின்று, வெளியே ஓடும் முயலைத்தான் சுட வேண்டும். காலையிலேயே மேலாளர் எல்லோரையும் நிறுத்தி இதைச் சொன்னார். நான் முதலாளி பக்கத்தில் நின்று வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னேன்.

"அட, புரிஞ்சுதுப்பா. எனக்கே பாடம் நடத்தாதே" என்றார்.

இரண்டாவது கொம்பு ஊதியது. எல்லோரும் திரும்பிவிட்டார்கள். இவர் திரும்பவில்லை. வட்டத்துக்குள் ஒரு முயல் குறுக்கே பாய்ந்தது. "வேண்டாங்க, ஊதிட்டாங்க!" என்று கத்தினேன். அவர் சுட்டுவிட்டார். அந்தத் தோட்டாவுக்குள் சின்னச் சின்ன ரவைகள் இருக்கும், சிதறிப் பாயும். உறைந்த மண்ணில் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். என் அறைத்தோழர்.

நான் ஓடினேன். பின்னாலிருந்து முதலாளி குரல் கேட்டது. "முயலுக்குப் பட்டுச்சாப்பா?"

இடது கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். முகமெல்லாம் கட்டு. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆபி, உன் ஊர்க்காரர் வருவாரா? வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு அது போதும்."

முதலாளி தங்கியிருந்த ஓட்டலுக்குப் போய்ச் சொன்னேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "அதான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கில்ல? அவன் குடுப்பான். அப்புறம் நான் எதுக்குப்பா அங்க?"

அந்தக் காப்பீட்டுக்காக அலைந்தது என் கால்.

அடுத்த நாள் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியும் இருந்தார். போலீஸ் விசாரணை முடியும்வரை அவர் ஊருக்குப் போக முடியாத நிலை. கொம்பு விஷயத்தை அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் போதுமாம். தெரியாமல் நடந்த விபத்து என்று ஆகிவிடுமாம். உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள், வீட்டு விஷயம் இந்த வாரமே முடிந்துவிடும் என்றார் மேலாளர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

நான் தமிழில் முதலாளியிடம் சொன்னேன். "அப்படிச் சொன்னா கண்ணு போனவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்காதுங்களே. உங்க மேல தப்பு இருந்தாத்தான் குடுப்போம்னு அந்த ஆபீஸ்ல சொன்னாங்க."

"அது அவன் தலையெழுத்து. நீ யாரு சோத்தைத் தின்னு வளர்ந்தவன்? அதை யோசி."

யோசித்தேன். நேர்மையானவன் என்று பெருமையடிக்க இதை எழுதவில்லை. அடுத்த நாள் காலை முருகன் படத்துக்கு முன்னால் நின்றபோது, எனக்குப் பொய் சொல்லத்தான் ஆசையாக இருந்தது. மகள் விமானத்திலிருந்து இறங்கி வருவதுபோலவே தெரிந்தது. ஆனால் எதிர் மூலையில் அவருடைய தொழுகைப் பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது. விசாரணையில், சொன்னேன், இரண்டு முறை சொன்னேன், கொம்பு ஊதியதும் கத்தினேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

முதலாளி அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் பறந்தார். இயந்திரங்களுக்கு ஆர்டர் கொடுக்காமலே போனார். எனக்கு வீடு காலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஒருநாளும் காலியாகவில்லை. என் மகள் அந்த நாட்டைப் பார்க்கவேயில்லை. அவள் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை.

ஊரில் என் பேர் 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவன்'. விடுமுறையில் வந்தபோது தேர் வடம் பிடிக்கப் போனேன். பக்கத்தில் நின்ற பழைய சேக்காளி கையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தான். "எவனோ துருக்கிக்காரனுக்காகப் பொண்டாட்டி பிள்ளையைத் தவிக்க விட்டீங்களே மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

என் மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கடிதத்தில் எழுதியதைப் படித்ததுமே, முகம் தெரியாத அந்த மனிதருக்காக எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்தியிருக்கிறாள்.

காப்பீட்டுப் பணம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் முழுதாக வந்தது. அறைத்தோழர் ஊரோடு போய்விட முடிவு செய்தார். ரயிலேற்றப் போனேன். மனைவி கண்மலர் சாத்தியதைச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "ஆபி, காசு வந்துச்சு. ஆள் வரலையே" என்றார்.

முதலாளி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மில் வாசலில் மாலை போட்டு அவர் படம் மாட்டியிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எல்லோரையும் மன்னிக்கும் மனசைக் கொடு என்று தினமும் முருகனிடம் கேட்கிற எனக்கு, அந்தப் படத்தின் முன்னால் மட்டும் கை குவிவதில்லை. அவரை மன்னிக்க வேண்டியவர் ஒற்றைக் கண்ணோடு எங்கோ இருக்கும்போது, அவருக்குப் பதிலாக மன்னிக்க நான் யார்?