வாசலில் மூன்று கிண்ணம் அரிசி

சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் இன்சுன் முதலில் கை கழுவுவாள். சுடுதண்ணீர், சலவை சோப்பு, தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்று. விரல் ரேகைக்குள் இறங்கிய கரி எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகாது. ஆனாலும் தேய்ப்பாள். மறுநாள் காலை பதினாலு பிள்ளைகளுக்கு முன்னால் வேதப்புத்தகத்தைத் திறக்க வேண்டிய கை அது.

ஹக்கோல் சுரங்கத்திலிருந்து வரும் நிலக்கரி பெல்ட்டில் ஓடும். அதில் கலந்திருக்கும் கல்லைப் பொறுக்கி எறிவது அவள் வேலை. அந்தக் கொட்டகையில் நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள், பெரும்பாலும் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். செத்தவனின் வேலைக்குப் பதிலாகக் கம்பெனி கொடுக்கும் வேலை. இன்சுனுக்கு அது முப்பத்தைந்தாம் வயதில் கிடைத்தது. இப்போது மூன்று வருஷம் ஆகிறது.

ஞாயிறு பள்ளியும் ஏறக்குறைய அப்படித்தான் அவள் கைக்கு வந்தது. முன்பு பாடம் எடுத்தவள் கம்பெனி குமாஸ்தாவின் மனைவி. கணவனுக்கு மாற்றலாகி அவளும் சியோலுக்குப் போய்விட்டாள். போதகர் நோ, இனிப் பாடம் எடுக்க முடியுமா என்று இன்சுனைக் கேட்டார்.

“நான் ஆறாவதோட நின்னவ, போதகரே.”

“யாக்கோபு மட்டும் காலேஜுக்கா போனாரு?”

அவர் விளையாட்டாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவள் வேதத்தில் யாக்கோபு எழுதிய கடிதமான நிருபத்தையே பாடமாக எடுத்துக்கொண்டாள். சின்ன நிருபம். அதில் பெரிய பெரிய வார்த்தைகள் இல்லை. வீட்டுக்கு மூத்த அண்ணன் கோபத்தோடு அக்கறையாகப் பேசுவது போல இருந்தது. கேட்பவர்களாக மட்டும் இருக்காதீர்கள், செய்கிறவர்களாகவும் இருங்கள் என்று அந்த அப்போஸ்தலர் சொல்லியிருந்ததால், வசனத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்கு அவள் நட்சத்திரம் ஒட்டுவதில்லை. அந்த வாரம் அதைச் செய்த பிள்ளைக்குத்தான் நட்சத்திரம்.

இதில் சங்கடங்களும் வரும். கேட்பதற்குத் தீவிரமாயிருங்கள் என்ற வசனம் வந்த வாரத்தில் ஒரு பையன், குடித்துவிட்டு வந்த சித்தப்பாவின் பேச்சை இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் கேட்டுவிட்டு வந்தான். “ரெண்டு நட்சத்திரம் வேணும் டீச்சர்” என்றான். கொடுத்தாள்.

தான் சொல்லிக்கொடுப்பது சரிதானா என்ற கேள்வி அவளை விட்டதே இல்லை. பெல்ட்டில் கை ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அது அதிகமாக வரும். பிள்ளைகளுக்குச் சொல்கிறேனே, அதில் எவ்வளவு நான் செய்கிறேன்?

அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கிய நவம்பர் மாதம். இரண்டாம் அதிகாரம் வந்தது. பசித்தவனிடம் ‘சமாதானமாய்ப் போ, குளிர் காய்ந்துகொள்’ என்று வாயால் மட்டும் சொன்னால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிற இடம். அந்தச் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்தபின் அதிலிருந்து ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்துப் பையில் சேர்ப்பார்கள். ஞாயிறு வந்தால் அது கோயில் ஜாடிக்குப் போகும். பிள்ளைகளும் அம்மாவைக் கேட்டு இரண்டு வாரம் அப்படியே சேர்த்தார்கள். ஒரு பை நிறைந்தது.

யாருக்குக் கொடுப்பது என்பதில் இன்சுனுக்குக் குழப்பம் இல்லை. கம்பெனிக் குடியிருப்பின் இரண்டாவது வரிசையில் கிஜுங் என்ற சுரங்கத் தொழிலாளி இருந்தான். இடுப்பில் அடிபட்டு இரண்டு மாதம் படுத்துக் கிடந்தவன், அந்த வாரம்தான் மறுபடி சுரங்கத்தில் இறங்கப்போகிறான். அவன் மகள் யொன்ஜி இன்சுனின் வகுப்பில் படித்தவள். மூன்று வாரமாக வரவில்லை. செருப்பு கிழிந்துவிட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

“கொடுக்கிறது யாருன்னு தெரியக் கூடாது” என்று சொல்லி மூன்று பெரிய பிள்ளைகளிடம் பையை ஒப்படைத்தாள். “நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் போய் வாசல்ல வைங்க. கதவத் தட்டுங்க. ஓடிருங்க.”

திங்கட்கிழமை பனி ஈரத்தில் காகிதப் பை வழியிலேயே கிழிந்தது. பிள்ளைகள் புத்திசாலித்தனமாக வீட்டுக்கு ஓடி ஆளுக்கொரு கிண்ணம் கொண்டு வந்தார்கள். மூன்று கிண்ணத்தில் அரிசியைக் கும்பாரமாக நிரப்பி, கிஜுங்கின் வாசற்படியில் வரிசையாக வைத்தார்கள். அவர்களில் சொல்லான் என்ற பெண்ணுக்கு யொன்ஜியின் கிழிந்த செருப்பு நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்து தன்னுடைய பழைய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து கிண்ணங்களுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். தட்டிவிட்டு ஓடிப்போனார்கள்.

அந்த நாட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உயிரைக் கொண்டுபோக மூன்று எமதூதர்கள் வருவார்களாம். அவர்களுக்கு வாசலில் மூன்று கிண்ணம் சோறு வைப்பார்கள். தூரம் நடக்க வேண்டியவர்கள் என்று செருப்பும் வைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. இரண்டு மாதம் கழித்து முதல் நாள் மாலை ஷிப்டுக்குக் கிளம்பிச் சாப்பாட்டு டப்பாவோடு கதவைத் திறந்த கிஜுங்குக்குத் தெரியும்.

அவன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் போர்வைக்குள் புகுந்தான். ஒருவன் சகுனம் பார்த்துத் திரும்பினால் அவன் மறுபடி இறங்கும் வரை அவன் குழுவே சுரங்கத்தில் இறங்காது. ஐந்து பேர் நின்றுவிட்டார்கள்.

பிள்ளைகள் ஓடியதை அடுத்த வீட்டுக்காரி பார்த்திருந்தாள். மறுநாள் குழுத் தலைவர் மா நேராகக் கரிக்கொட்டகைக்கு வந்தார். சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து மலைக்குக் கேட்கும் குரல் அவருக்கு.

“எங்க அந்த டீச்சரம்மா?”

இன்சுன் பெல்ட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“மூணு கிண்ணம், பக்கத்துல செருப்பு. சின்னப் புள்ளைங்கள விட்டு வைக்கச் சொல்லியிருக்க. எமனுக்கு ஏஜென்ட் வேலை எப்பலேர்ந்து பாக்குற?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “நான் அரிசிதானே குடுக்கச் சொன்னேன் அண்ணே” என்றாள்.

“அதப் போய் கிஜுங்கிட்ட சொல்லு. அவன் இறங்குற வரைக்கும் எங்க அஞ்சு பேருக்கும் வேலை இல்ல. எம் மவன் இனிமே உன் கிளாஸ் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான்.”

புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் சபை மூப்பர் பே அவளை நிறுத்தினார். அதற்குள் ஐந்து வீடுகள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருந்தன.

“உங்க மனசு நல்ல மனசுதான் சகோதரி. ஆனா ஊர் வாய அடைக்க முடியாதே. வகுப்ப நிறுத்திருவோம்.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கலாம், மூப்பரே” என்றார் போதகர்.

நிறுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று இன்சுன் தன்னையே கேட்டுக்கொண்டாள். படித்தவள் வேறு ஒருத்தி எப்போதாவது வருவாள். ஆனால் வாரத்தில் ஆறு நாள் கல் பொறுக்குகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவாக இருந்தது என்பது அது போகப்போகிறது என்றபோதுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் கிஜுங் வீட்டுக்குப் போனாள். மூன்று கிண்ணமும் அப்படியே படியில் இருந்தன. தொட்டு எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அரிசி மேல் பனி உறைந்திருந்தது. அவள் சுற்றிக்கொண்டு போய் அடுப்படிக் கதவைத் தட்டினாள்.

யொன்ஜி அம்மா திறந்தாள். “முன்வாசல் இருக்கப்ப ஏன் அக்கா பின்னாடி?”

“முன்னாடி வர தைரியம் வரல யொன்ஜி அம்மா.”

கிஜுங், அடியில் அடுப்புச் சூடு ஓடும் தரையில் போர்வைக்குள் கிடந்தான். ஆளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். இன்சுன் அறைக் கதவோரமாகவே மண்டியிட்டு அமர்ந்தாள்.

“எனக்குத் தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லத்தான் வந்தேன். வழியெல்லாம் அதத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். ஆனா அது பாதிதான் நெசம். தட்டிட்டு ஓடுங்கன்னு நான்தான் சொன்னேன். குடுக்கிறவங்க முகம் தெரியக் கூடாதுன்னு புள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தேன். உண்மையில உங்க முகத்தப் பாத்துக் குடுக்க எனக்குத்தான் கூச்சம். ரெண்டு மாசமா படுத்திருந்தீங்க, ஒரு நாள் எட்டிப் பாக்கல.”

ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்பதும் அதே நிருபத்தில்தான் இருக்கிறது, கடைசி அதிகாரத்தில். வகுப்பு அதுவரை போகுமா என்பதே தெரியாத நிலையில் அவள் அந்த அதிகாரத்துக்கே போய்விட்டாள்.

“இன்னொண்ணும் இருக்கு. எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கு...”

சுரங்கத்துக்காரன் டப்பாவில் யாரும் நாலு கரண்டி சோறு வைக்க மாட்டார்கள். மூன்று வைக்கலாம், ஐந்து வைக்கலாம். நாலு என்றால் சாவு; அவர்கள் பாஷையில் இரண்டுக்கும் ஒரே ஒலி.

“நாலாவது கரண்டியும் வச்சேன். ஞானஸ்நானம் வாங்கியாச்சு, இன்னும் என்ன நாலு அஞ்சுன்னு சிரிச்சுக்கிட்டே வச்சேன். அவரும் சிரிச்சாரு. இத யாருகிட்டயும் சொன்னதில்ல. போதகர்கிட்டகூட சொல்லல. புள்ளைங்களுக்குத் தைரியமா விசுவாசத்தப் பத்திச் சொல்றேன். வீட்ல தனியா சோறு போட்டுக்கிட்டாலும் இன்னும் எண்ணித்தான் போடுறேன். உங்க பயம் எனக்குத் தெரியும், அண்ணே. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

கிஜுங் போர்வையை ஒதுக்கித் தள்ளினான். பிறகு சொன்னான்.

“அன்னைக்குப் போனது ஏழு பேரு. அவங்கள வெளிய தூக்கினவங்கள்ல நானும் இருந்தேன். ஏழு வீட்லயுமா நாலு கரண்டி வச்சாங்க?”

இன்சுன் நிமிர்ந்தாள்.

“கூரையத் தாங்குற மரக்கட்டை உளுத்திருந்துது. மூணு தடவ கம்பெனில சொன்னோம், மாத்தல. அதான் கூரை விழுந்துது. டப்பாவத் திறந்து எண்ணிப் பாத்துட்டு விழல.”

அவளுக்கு அழுகை வரவில்லை. மூன்று வருஷமாக உள்ளே பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று கையை விட்டு நழுவியது போல இருந்தது. அந்த இடத்தில் என்ன வைப்பதென்று அவளுக்கு உடனே தெரியவில்லை.

யொன்ஜி அம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். “இவ்வளவு தெளிவாப் பேசுற மனுஷன், அஞ்சு நாளா போர்வைக்குள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“அடுத்தவங்களுக்குச் சொல்றப்ப தெளிவாத்தான் இருக்கு” என்றான் கிஜுங்.

முதலில் சிரித்தது யொன்ஜி அம்மாதான். அப்புறம் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முன்கதவைத் திறந்து ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து வந்து மனைவியிடம் நீட்டினான். “பொங்கு. எமதூதன் தின்னாத்தான் அது சாவுச் சோறு. நாம தின்னா வெறும் சோறு. வச்ச வாண்டுங்களயும் வரச் சொல்லு.”

யொன்ஜி ஓடிப்போய் அழைத்து வந்தாள். அவள் காலில் சொல்லானின் செருப்பு இருந்தது. மூன்று பிள்ளைகளும் அடி விழப்போகிறது என்ற முகத்தோடு வந்து சுவரோரம் நின்றார்கள். தொட்டுக்கொள்ளப் புளித்த சோயா விழுதும் கிம்சி என்ற முள்ளங்கி ஊறுகாயும் மட்டும்தான். அந்நேரம் குழுத் தலைவர் மா நிலவரம் பார்க்க வந்தார். கதவைத் திறந்தவர் சோற்றையும் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“இது அந்த அரிசியா?”

“அதேதான் அண்ணே. உக்காருங்க” என்றான் கிஜுங்.

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“நான் ரெண்டாவது கிண்ணம் தின்னுக்கிட்டிருக்கேன். இன்னும் சாகல. நாளைக்கு இறங்குறேன். வரீங்களா, வேற ஆள் பாத்துக்கவா?”

மா பூட்சைக் கழற்றினார். ஒரு வாய் எடுத்து, வெகுநேரம் மென்று விழுங்கினார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்தார்கள்.

“தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார்.

சனிக்கிழமை மாலை ஐந்து பேரும் இறங்கினார்கள். ஷிப்ட் முடிந்து ஐந்து பேரும் மேலே வந்தார்கள்.

ஞாயிறு காலை வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். யொன்ஜியோடு பத்து. மூப்பர் பே பின்சுவரோரம் கை கட்டி நின்றார். இன்சுன் புத்தகத்தைத் திறக்காமல், நடந்ததைச் சொன்னாள். தான் செய்தது தப்பு என்று சொன்னாள். டீச்சர் ஒருவர் அப்படிச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. கொஞ்சம் சங்கடமாக நெளிந்தார்கள்.

“அப்ப நாங்க செஞ்சது தப்பா டீச்சர்?” என்று கேட்டாள் சொல்லான்.

“குடுத்தது தப்பில்ல. ஓடினதுதான் தப்பு. ஓடச் சொன்னது நான். அடுத்த தடவ கதவத் தட்டிட்டு நிப்போம். அவங்க என்ன சொன்னாலும் நின்னு கேப்போம்.”

கதவு திறந்தது. மாவின் மகன் பனித் தொப்பியோடு நின்றான். அவன் பின்னால் அவன் அம்மா.

“அடுத்தது மூணாம் அதிகாரமாமே” என்றாள் அவள். “நாக்கப் பத்தின பாடம்னு சொன்னாங்க. நானும் உக்காந்து கேக்கலாமா டீச்சர்? எங்க வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கு.”

மூப்பர் பே இருமினார். பிறகு, யாரும் சொல்லாமலே, உட்காரத் திண்டு எடுத்துவரப் பக்கத்து அறைக்குப் போனார்.

இன்சுன் ஜெபத்தோடு ஆரம்பிக்கலாம் என்றாள். கண்ணை மூடினாள். சொல்ல நினைத்தது நிறைய இருந்தது. கிஜுங்கைப் பற்றி, ஏழு வீடுகளைப் பற்றி, நேற்றிரவு எண்ணாமல் சோறு போட்டுக்கொண்டதைப் பற்றி. “ஆண்டவரே, நன்றி” என்றாள். மேலே வார்த்தை வரவில்லை. மறுபடி “நன்றி” என்றாள். ஜெபம் முடிந்துவிட்டதென்று நினைத்த பிள்ளைகள் ஒரே குரலில் ஆமென் சொல்லிவிட்டார்கள்.