தண்ணீர் ஊற்றாத எட்டு நாள்

என் முதல் குழந்தை சாணார்பட்டிக்குப் பக்கத்தில் என் அம்மா வீட்டில் பிறந்தது. கொஞ்ச நேரம்தான் மூச்சு விட்டது. உயிர் போகும் நிலையில் இருக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள் நான். சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊற்றும்போது சொல்ல வேண்டிய ஞானஸ்நான ஜெபம் ஒரே வரி. நாக்கு எழவில்லை. குழந்தை போய்விட்டது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள். ஐம்பதுகளின் கடைசியில் அதுதான் வழக்கம்.

ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகள் கடவுளின் முகத்தைப் பார்க்க முடியாது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மனுஷனுக்குள் கடவுள் குடியிருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறேன். அதுவரை அவை எனக்கு இரண்டு தனித்தனிப் பாடங்கள்.

மறுபடி உண்டானபோது நாகல் நகரில் குடியிருந்தோம். ஐந்தாம் மாதத்திலிருந்தே எங்கே போனாலும் பையில் ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் வைத்திருப்பேன். அந்த ஒரு வரியை அடுப்படியிலும் பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். வயிற்றுக்குள் அசைவு கொஞ்சம் நின்றால் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் கணவர் ஒருநாள் பாட்டிலைப் பார்த்துவிட்டார்.

"ஏன் இம்புட்டுப் பயப்படுற? அந்தப் பிள்ளைக்கு மூச்சக் குடுத்தது யாரு? குடுத்தவரு அதுக்குள்ள இல்லாமயா இருந்திருப்பாரு?"

"அப்படியெல்லாம் பேசாதீங்க. தப்பு."

"தப்புன்னா தப்பாவே இருக்கட்டும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அவர் சொல்வது நிஜமாக இருக்க வேண்டும் என்று ஏங்கினேன். அப்படி ஏங்குவதற்கே நரகம் கிடைக்குமோ என்றும் பயந்தேன்.

ஒரு மத்தியானம் பெண் பிறந்தாள். குழந்தையைக் கையில் வாங்கியதும் பக்கத்தில் தயாராக வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தேன்.

"தண்ணி எதுக்கும்மா? பிள்ள நல்லாத்தான இருக்கு" என்றாள் மருத்துவச்சி.

குழந்தை கண்ணைத் திறந்தது. ஆளில்லாத கோவிலுக்குள் நுழைந்தாலும் யாரோ இருக்கிறார் என்று நம் குரல் தானாகத் தாழுமே, அப்படி இருந்தது எனக்கு. அவளுக்குள் ஏற்கெனவே யாரோ இருந்தார். ஊற்றினால், முதல் குழந்தைக்குள் யாரும் இருக்கவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கோவிலில் ஞானஸ்நானத்துக்கு எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் நான் தூங்கவில்லை. அவள் விக்கினால் டம்ளரைத் தேடுவேன், விக்கல் நின்றதும் கீழே வைத்துவிடுவேன். என் பிடிவாதத்தால் இவளையும் இழந்துவிடுவேனோ என்று பயப்படுவேன்.

பிள்ளை பெற்றவள் அதற்குள் வெளியே போகக் கூடாது என்று துணைக்கு வந்திருந்த அம்மா தடுத்தும் நானும் கோவிலுக்குப் போனேன். வாசலிலேயே சாமியார் குழந்தையின் முகத்தில் மூன்று முறை ஊதினார். லத்தீனில் அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும்: அசுத்த ஆவியே, வெளியே போ. யாரை விரட்டுகிறார்? குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. தலையில் தண்ணீர் விழுந்ததும் அவள் வீறிட்டாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சில வாரம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்:

"நீ செஞ்சது பாவம்னு நினைக்கிறியாம்மா?"

"தெரியல சாமி."

"எனக்கும் தெரியலம்மா" என்றார். பிறகு மெல்ல, "அந்த முதல் பிள்ளை ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"ஆம்பளப் பிள்ள சாமி" என்றேன்.