ஹார்லன் பார்த்த நேர்க்கோடு

ஹார்லன் போயர்ஸ்மா முப்பத்தொரு வருஷம் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தவர். மேற்கு மிச்சிகனில் எங்கள் பக்கத்துத் தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் அவர் கைபட்டவைதான். ஐம்பத்தெட்டு வயதில் காது மங்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. தேவாலயத்தில் வாசிக்கும் லோயிஸ்தான் ஒருநாள் தனியாக அழைத்து, "மேல்கட்டைங்க சேரலை ஹார்லன். இது மூணாவது தடவை," என்றாள். வீட்டுக்கு வந்து கருவிப்பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதன்பின் லோயிஸைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். கார் கொட்டகையில் கோல்ஃப் மட்டைகள் கட்டித் தருகிறேன். அந்தக் குளிர்காலத்தில் அவர் மனைவி பெர்னிஸ் வந்தாள். "வெஸ், இந்த மனுஷனைக் கொஞ்ச நேரம் உன் கொட்டகையில வெச்சுக்கோ. நாள் பூரா ஜன்னலையே பாத்துட்டிருக்கார். எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

வந்தவர் ஓரமாக உட்கார்ந்தார். நான் மட்டைக்கான ஓர் எஃகுத் தண்டின் பிடிப்பக்கத்தை இடுக்கியில் இறுக்கி, நுனியை இழுத்து விட்டேன். நுனி முட்டை வடிவில் சுற்றியது. தண்டில் ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும். அது எங்கே என்று பாராமல் மட்டையில் மாட்டினால், ஒவ்வொரு மட்டையும் ஒவ்வொரு விதமாக அடிக்கும். ஹார்லன் எழுந்து வந்து, தண்டை இம்மியளவு திருப்பி இழுத்து விட்டார். மறுபடி திருப்பினார். ஏழாவது தடவை நுனி கோடு கிழித்தாற்போல் மேலும் கீழும் மட்டுமே ஆடியது. அங்கே பென்சிலால் கீறினார்.

"எனக்கு இதுக்கே அரை மணி ஆகும்!" என்று அவர் காதருகே கத்தினேன்.

"கத்தாதே. காதுதான் போச்சு, கண்ணு போகலை. உதட்டைப் பாத்தாலே தெரியுது."

மறுநாளிலிருந்து தினமும் வந்தார். தண்டு நிமிடத்துக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் கருவி என்னிடம் உண்டு. பெட்டி பெட்டியாகச் சோதித்து, ஒரு செட்டுக்கு அந்த எண்ணிக்கை படிப்படியாக ஏறும் எட்டுத் தண்டுகளைப் பொறுக்கி எடுப்பார். எனக்கு இல்லாத பொறுமை அது.

வசந்தத்தில் லோயிஸ் மட்டைப் பையோடு வந்தாள். "ஆறாம் நம்பர் மட்டை மட்டும் என் பேச்சைக் கேக்கறதில்லை. என் மணிக்கட்டு கெட்டுப்போச்சு போல..." ஹார்லனைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். அவர் எழுந்து பையை வாங்கினார். ஆறாவதின் தண்டு மற்ற ஏழோடு ஒட்டாமல் தொய்ந்திருந்தது. விறைப்பான பக்கமும் கோணலாக நின்றது. அதை மாற்றி, எட்டையும் ஒரே திசை பார்க்கக் கட்டினார்.

புது மட்டைகளை அடித்துப் பார்த்துவிட்டு லோயிஸ் ஓடி வந்தாள். "என் கை மேல தப்பே இல்லை ஹார்லன்! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது?"

"நான்தான் சொல்லணும்," என்றார் ஹார்லன். "மத்தவங்க சிரிச்சு அனுப்பிட்டு, பின்னாலேயே வேற ஆளைக் கூப்பிட்டாங்க. நீ ஒருத்திதான் மூஞ்சிக்கு நேரா சொன்னே. இல்லைன்னா இன்னும் எத்தனை பியானோவைக் கெடுத்திருப்பேனோ."

லோயிஸ் அழுதுவிட்டாள். ஹார்லன் பதறிப்போய் என் பக்கம் திரும்பினார். "ஏன்டா அழறா? நான் சத்தம் போட்டுட்டேனா?"

இப்போது வியாழக்கிழமைகளில் மூவரும் சேர்ந்து ஆடுகிறோம். ஹார்லன் படுமோசமாக ஆடுவார். மட்டையைக் குறை சொல்லவும் அவருக்கு வழியில்லை.